நிக்கல் பேக்கில் சார்ஜ் கேஜை அளவுதிருத்துவது எப்படி

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் வோல்டேஜைப் பார்த்து மீதிச் சார்ஜைச் சொல்ல முடியாது. எண்பது சதவீதத்திலும் முப்பது சதவீதத்திலும் கிட்டத்தட்ட அதே 1.2 வோல்ட்தான். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கேஜ், அதாவது மீதிச் சார்ஜைக் காட்டும் கருவி, எண்ணித்தான் ஆக வேண்டும். பேக் உண்மையில் எப்போது நிறைகிறது, எப்போது தீர்கிறது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. அளவுதிருத்தலில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிடிப்பதுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஆறு ஏஏ செல், 7.2 வோல்ட், 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) பேக். கேஜ், 0.1 ஓம் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க வழியில் வைக்கும் சிறு ரெசிஸ்டர்) உள்ள ஐஎன்ஏ219 என்ற மின்னோட்ட அளவி போர்டும், அதன் அளவீடுகளைப் படித்து எண்ணும் ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டும்.

ஷன்ட்டை பேக்கின் பிளஸ் முனையை ஒட்டி வையுங்கள். சார்ஜர், லோடு, ஊனோவின் சப்ளை மூன்றும் ஷன்ட்டுக்கு அடுத்த பக்கத்திலிருந்தே போக வேண்டும். ஊனோ மட்டுமே சுமார் 45 மில்லிஆம்பியர் எடுக்கும். அது கணக்கில் வராவிட்டால் ஒரே நாளில் பாதிப் பேக் சொல்லாமல் காலியாகும்.

முதலில் பூஜ்யம். ஊனோவை யுஎஸ்பியில் ஓட்டி, பேக்கிலிருந்து வரும் சப்ளை, லோடு, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 200 அளவீடுகளின் சராசரியை எடுத்து, இனி வரும் ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள். 1 மில்லிஆம்பியர் பிழைகூட நாளொன்றுக்கு 24 எம்ஏஎச், மாதத்தில் 720.

அடுத்து விகிதம். 18 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாக வைத்தால் சுமார் 400 மில்லிஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், மேசையில் படாமல் வையுங்கள். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஜாக்கை நம்ப வேண்டாம்: பல மீட்டர்கள் அதில் 0.01 ஆம்பியர் வரைதான் காட்டும், 0.40இல் அது 2.5 சதவீதம். 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்து அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். 380 மில்லிவோல்ட் என்றால் 380 மில்லிஆம்பியர். அதைக் கேஜ் காட்டும் எண்ணால் வகுத்தால் திருத்தக் காரணி கிடைக்கும்.

இனி கொள்ளளவு. பேக்கை 6.0 வோல்ட் வரை இறக்கி, 200 மில்லிஆம்பியரில் 16 மணி நேரம் சார்ஜ் செய்யுங்கள். இவ்வளவு மெதுவான சார்ஜில் நிறைந்தபின் வரும் வோல்டேஜ் சரிவு தெளிவாகத் தெரியாது, கடிகாரம்தான் துணை. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அறை வெப்பத்தில் அதே 18 ஓம் லோடில் 6.0 வோல்ட் வரை இறக்குங்கள். கேஜ் எண்ணியதே உங்கள் பேக்கின் கொள்ளளவு. லேபிளில் உள்ளதை எழுதிவிடாதீர்கள்.

கடைசி அரை மணி நேரம் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளப்பது அவசியம். ஐந்து செல்கள் 1.16 வோல்ட்டில் நிற்க, ஆறாவது 0.2க்கு விழுந்தாலும் மொத்தம் 6.0தான். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் முனை தலைகீழாகி, வாயு சேர்ந்து செல் கெடும். ஏதாவதொன்று 0.9ஐத் தொட்டால் உடனே நிறுத்துங்கள். அந்தச் செல்லை மாற்றாமல் அளவுதிருத்திப் பயனில்லை.

புதிய செல்களும் நெடுநாள் சும்மா கிடந்தவையும் முதல் சுற்றில் குறைவாகவே தரும். அடுத்தடுத்த இரு சுற்றுகளின் விடை 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

உள்ளே போனதெல்லாம் வெளியே வராது, கொஞ்சம் வெப்பமாகிவிடும். தீர்ந்த பேக்கில் நீங்கள் வழக்கமாக சார்ஜ் செய்யும் மின்னோட்டத்திலேயே 1000 எம்ஏஎச் ஏற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். 900 வந்தால், சார்ஜாகும்போது எண்ணுவதை 0.9ஆல் பெருக்க வேண்டும். நிறையும் தறுவாயில் இந்த விகிதம் இன்னும் விழும். அதனால் சார்ஜர் முழு சார்ஜை முடித்து நிறுத்தும்போது கேஜை 100இல் பொருத்திவிடுங்கள்.

பூஜ்யத்தில் பொருத்தும்போது அவசரம் கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரியும், பாதிச் சார்ஜ் இருக்கும்போதே கேஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லும். 6.0க்குக் கீழே தொடர்ந்து 10 விநாடி நின்றால் மட்டும் பூஜ்யமாக்குங்கள்.

சும்மா இருக்கும்போது கசிவதை ஷன்ட் பார்க்காது. நிறைத்த பேக்கை முற்றிலும் கழற்றி ஒரு வாரம் வைத்து, பிறகு இறக்கினால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். சாதாரண செல்களில் முதல் நாள் இழப்புதான் அதிகம், பிறகு வேகம் தணியும். ஆகவே வாரச் சராசரியை நீண்ட காலத்துக்கு அப்படியே நீட்டினால் கேஜ் தேவைக்கு மேல் கழித்துவிடும்.