அலையோடு மூச்சைக் கட்டாதீர்கள்: தியானத்திலும் குருவைத் தேடுவதிலும் தவிர்க்க வேண்டியவை

தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து, அலை வரும்போது மூச்சை இழுத்து, போகும்போது விட்டுப் பார்க்கிறவர்கள் பலர். இதுதான் முதல் தவறு. உள்ளூரார் பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் குளம்போலக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண் கடலிலோ தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று ஏறினால் அலை நெருக்கி நெருக்கி அடிக்கும். அதற்கு ஈடுகொடுத்தால் தேவைக்கு மேல் மூச்சு விடுவோம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். சில நிமிடங்களில் உதடும் விரல்நுனியும் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும். ‘குண்டலினி எழும்பிவிட்டது’ என்று இன்னும் வேகமாக இழுத்தால் மயக்கம்தான் வரும். மதமதப்பு தெரிந்ததுமே கண்ணைத் திறந்து, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், அடங்கிவிடும்.

மூச்சை அதன் போக்கில் விட்டு, வெளியே போகும் மூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் திரும்ப 1. தொடக்கத்தில் 10 நிமிடம் தாராளம்.

வெறும் மணலில் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும். துண்டை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்துப் போட்டால் முழங்கால் இடுப்புக்குக் கீழே தணியும். கால் மரத்துப்போனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நரம்பு அழுந்துகிறது, மாற்றி உட்காருங்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்தால் கடற்காற்றில் நடுக்கம் மட்டுமே மிஞ்சும். இரவெல்லாம் வலை போட்டுவிட்டுக் கரை ஏறியவருக்கு பிரம்ம முகூர்த்தம் விதி அல்ல. தூங்கி எழுந்து உட்காருவதே முறை.

கண்ணுக்குள் ஒளி தெரிந்தது, உடம்பு தூக்கிப்போட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் தூக்கத்தின் வாசலில் நடப்பவை. வந்தால் வரட்டும், போனால் போகட்டும். நேற்று வந்த ஒளி இன்று வரவில்லையே என்று ஏங்கத் தொடங்கியதும் தியானம் நின்று, வேடிக்கை பார்ப்பது தொடங்கிவிடுகிறது. குருவையும் பலர் இப்படித்தான் எடைபோடுகிறார்கள்: ‘தொட்டதும் சிலிர்த்தது, இவரே என் குரு’ என்று. கூட்டமும் பாட்டும் எதிர்பார்ப்பும் சேர்ந்தாலே மயிர்க்கூச்செறியும். அவரிடம் கேள்வி கேட்க முடிகிறதா, பணக் கணக்கு வெளிப்படையா, விலகிப் போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்று ஓராண்டாவது பாருங்கள்.

குரு கிடைத்ததும் வீட்டை விட்டுப் போவது அடுத்த தவறு. ராமநாதபுரத்தில் சமாதி கொண்டிருக்கும் தாயுமானவர் மௌனகுருவின் பின்னாலேயே போக விரும்பினார். ‘இல்லறம் நடத்து, பிறகு வருகிறேன்’ என்று குரு திருப்பி அனுப்பியதாக அவர் வரலாறு சொல்கிறது. உண்மையான குரு அவசரப்படுத்துவதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மருந்தை நிறுத்துவது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. மனநோய்க்கு மந்திரிப்பு மட்டுமே போதும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று இரவு தூக்கமே வரவில்லை, காதில் யாரோ கட்டளையிடுகிறார்கள் என்றால் அதை ஞானம் என்று எண்ணாதீர்கள். தியானத்தை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம்.