டோக்கியோ டோமில் உலக பேஸ்பால்: முதல் முறை போகிறவர்களுக்கு, சாப்பாட்டு வழியோடு

நாடுகளின் அணிகள் மோதும் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் தொடரைப் பார்க்க டோக்கியோ போகிறவர்கள் போவதற்கு முன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள். வந்தபிறகு பேசுவதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். நானும் அப்படித்தான். முதல் முறை பகல் ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று மணி வாக்கில் வெளியே வந்தேன். நல்ல பசி. குறித்து வைத்திருந்த நான்கு கடைகளும் மூடியிருந்தன. கடைகள் மேல் தப்பில்லை, அந்த ஊரில் அது சமையலறை ஓய்வெடுக்கும் நேரம். ஆட்ட நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று அன்று புரிந்தது. கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைத்தது.

படி 1: ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் தொடர் 2006-இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் டோக்கியோ டோமில் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2023 முதல் 20 அணிகள். ஐந்து அணிகள் கொண்ட நான்கு குழுக்கள். குழுவில் ஒவ்வோர் அணியும் மற்ற நான்கு அணிகளோடு மோதும், முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும்.

2023-இல் டோக்கியோவில் பகல் 12 மணிக்கு ஒன்று, இரவு 7 மணிக்கு ஒன்று என்று ஆட்டங்கள் நடந்தன. ஜப்பான் ஆடியவை எல்லாம் இரவு ஆட்டங்கள். எல்லாரும் அவற்றுக்குத்தான் ஆசைப்படுவார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: ஜப்பான் ஆடாத ஒரு பகல் ஆட்டத்தில் தொடங்குங்கள். டிக்கெட் கிடைக்கும், கூட்டம் மூச்சுமுட்டாது, ஆட்டத்தை நிதானமாகப் புரிந்துகொள்ளலாம்.

ஜப்பான் இல்லையென்றால் ஆட்டம் சப்பென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 மார்ச் 10 பகலில் செக் குடியரசும் சீனாவும் மோதின. கடைசி இன்னிங்ஸில் பின்தங்கியிருந்த செக் அணிக்கு மார்ட்டின் முசிக் மூன்று ரன் தந்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்றது) அடித்தார். 8-5 என்று வென்றார்கள். அந்த அணியில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் ஆடுகிறவர்கள். மறுநாள் இரவு ஜப்பானின் நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒதானியை ஸ்ட்ரைக் அவுட் செய்த (பந்துவீச்சால் அவுட்டாக்கிய) ஒன்ட்ரெய் சடோரியா ஒரு எலெக்ட்ரீஷியன். இந்தத் தொடரின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன்.

படி 2: டிக்கெட்

தொடரின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து போகும் விற்பனைப் பக்கத்தில் மட்டும் வாங்குங்கள். ஜப்பான் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் குலுக்கல் முறைதான்: விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளியே யாரோ கூடுதல் விலைக்கு விற்கிறார்கள் என்று போகாதீர்கள். 2019 ஜூன் முதல் ஜப்பானில் டிக்கெட்டைக் கள்ளவிலைக்கு விற்பதற்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. அப்படி வாங்கிய டிக்கெட்டோடு வாசலில் நின்று திரும்பும் நிலையும் வரலாம்.

இருக்கை? முதல் முறை என்றால் இரண்டாம் தளம், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்பக்கம். தூரம்தான், ஆனால் மைதானம் முழுவதும் வரைபடம்போலத் தெரியும். பந்து எங்கே போகிறது, யார் எந்தப் பேஸுக்கு (ஓடித் தொட வேண்டிய இடம்) ஓடுகிறார் என்பதைக் கண்ணைத் திருப்பாமலே பிடிக்கலாம். ஆரவாரம்தான் வேண்டும் என்றால் அவுட்ஃபீல்டு, அதாவது மைதானத்தின் மறுகோடி. ட்ரம்பெட்டும் மேளமுமாக ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு பாட்டு பாடுவார்கள். தங்கள் அணி பேட் செய்யும்போது மட்டும்தான் பாட்டு. எதிரணி பேட் செய்யும்போது அடங்கிவிடுவார்கள். கீழ்த்தளத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் விசில் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்குங்கள். கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து உங்கள் பக்கம் வருகிறது என்று பணியாளர்கள் எச்சரிக்கிறார்கள் என்று பொருள்.

படி 3: ஆட்டத்தின் அடிப்படை

கிரிக்கெட் தெரிந்தால் பாதி தெரியும். ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும்; மூன்று பேர் அவுட் ஆனால் முறை மாறும். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இது போதும், மீதி உட்கார்ந்து பார்க்கும்போது தானே வரும்.

இந்தத் தொடரில் இருக்கும் மூன்று விதிகளை மட்டும் மனதில் வையுங்கள், ஆட்டம் எப்போது முடியும் என்பது இவற்றைப் பொறுத்தது. குழுச் சுற்றில் ஒரு பிட்ச்சர் (பந்து வீசுபவர்) 65 பந்துகளுக்கு மேல் வீச முடியாது (அந்த எண்ணிக்கையைத் தொடும்போது எதிரில் இருக்கும் பேட்டரை மட்டும் முடித்துவிடலாம்). அதனால் பிட்ச்சர்கள் அடிக்கடி மாறுவார்கள், நேரம் இழுக்கும். ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 15 ரன், ஏழுக்குப் பிறகு 10 ரன் முன்னிலை இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். சமநிலையில் நின்றால் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரை நிறுத்தித் தொடங்குவார்கள். ஆக, பகல் ஆட்டம் 2 மணிக்கும் முடியலாம், 4 மணிக்கும் முடியலாம். ஆட்டம் முடிந்ததும் இத்தனை மணிக்கு என்று உணவகத்தில் இடம் பிடித்து வைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பிடித்தால் சிக்கலில்லை.

படி 4: போய்ச் சேருங்கள்

டோக்கியோ ரயில் நிலையத்திலிருந்து மருனோஉச்சி தடத்தில் ஐந்தாவது நிறுத்தம் கொராகுவென். ஷிஞ்ஜுகு அல்லது அகிஹபாராவிலிருந்து என்றால் மஞ்சள் நிற சோபு தட ரயிலில் சுயிதோபாஷி. இரண்டிலிருந்தும் சில நிமிட நடைதான். டோயெய் சுரங்க ரயிலில் வருகிறவர்களுக்குக் கசுகா நிலையம்.

விமான நிலையத்திலேயே வெல்கம் சுய்க்கா என்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 28 நாள் செல்லும், அட்டைக்கென்று வைப்புத்தொகை கட்ட வேண்டியதில்லை. ரயிலுக்கு மட்டுமல்ல, சாப்பாட்டுக்கும் அது முக்கியம். டோக்கியோ டோம் 2022 முதல் ரொக்கம் வாங்காத அரங்கம். உள்ளே கிரெடிட் கார்டோ சுய்க்காவோ இல்லையென்றால் தண்ணீர் வாங்குவதே திண்டாட்டம். அரங்கத்துக்கு வெளியே நேர்மாறு: சின்னக் கடைகள் சிலவற்றில் யென் நோட்டு மட்டும்தான் செல்லும். இரண்டும் கையில் இருக்கட்டும்.

டிக்கெட்டில் எழுதியிருக்கும் கேட் எண்ணைப் பார்த்து அதே வாசலுக்குப் போங்கள். அரங்கத்தைச் சுற்றி நடப்பது நினைப்பதைவிட நீளம். கேனும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே அனுமதியில்லை. பையின் அளவு, வெளி உணவு பற்றிய விதிகளை உங்கள் ஆட்டத்துக்கான அறிவிப்பில் முந்தின நாளே படித்துவிடுங்கள்.

1988-இல் திறந்த இந்த அரங்கத்தின் கூரையைத் தாங்குவது காற்று. உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துத் துணிக்கூரையை உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். சுழல்கதவுகள் இருப்பது அதனால்தான். ஆட்டம் முடிந்து பெரிய கதவுகளைத் திறக்கும்போது காற்று முதுகைத் தள்ளும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: சாப்பாடு, ஆட்டத்துக்கு முன்

டோக்கியோவில் சின்ன உணவகங்கள் பல 11 அல்லது 11.30-க்குத் திறந்து, 2 அல்லது 2.30-க்கு மூடி, மாலை 5 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். 12 மணி ஆட்டத்துக்கு இது இரண்டு பக்கமும் இடிக்கும். முன்னால் சாப்பிட நேரமில்லை, பின்னால் கடையில்லை.

நான் செய்வது இது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்கு அருகில் கொன்பினி என்ற சின்னப் பல்பொருள் கடையில் இரண்டு ஓனிகிரி வாங்கிக்கொள்வேன். கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை அது. சால்மன், டூனா மயோனைஸ், உமே என்ற புளிப்பு ஊறுகாய், கொம்பு என்ற கடற்பாசி என்று வகைகள் உண்டு. உமேயின் புளிப்பு நம் நாக்குக்கு உடனே பழகிவிடும்.

அரங்கத்துக்குள் பெந்தோ என்ற சாப்பாட்டுப் பெட்டிகள், பொரித்த கோழியான கராகே, ஆக்டோபஸ் உருண்டையான தகோயாகி, கெட்டிக் குழம்பு ஊற்றிய கறிச் சோறு எல்லாம் கிடைக்கும். முதுகில் பீப்பாய் சுமந்தபடி படிகளில் ஏறி இறங்கும் பியர் விற்பனையாளர்களையும் பார்ப்பீர்கள். கையை உயர்த்தினால் இருக்கைக்கே வருவார்கள். கடைகளில் வரிசை நீளமாவது இன்னிங்ஸ் இடைவெளியில்தான். உங்களுக்கு முக்கியமில்லாத அணி பேட் செய்யும்போது எழுந்து போனால் சட்டென்று வாங்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் முன்னேற்பாட்டோடு போக வேண்டும். காய்கறி மட்டும் தெரிந்தாலும் உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப் எல்லாவற்றின் அடியிலும் தாஷி இருக்கும்; பெரும்பாலும் அது கட்சுவோ என்ற உலர்ந்த மீனில் எடுத்த சாறு. ஓனிகிரியிலும் சுவைக்காக மீன் சாறு சேர்ப்பதுண்டு, உறையில் இருப்பதை மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவில் காட்டிப் படியுங்கள். “நிகு தோ சகானா வா தபேமாசென்” என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். அதைச் சொன்னபிறகு தாஷி பற்றியும் தனியாகக் கேளுங்கள். அவர்கள் மனதில் தாஷி மீன் கணக்கில் வருவதில்லை. டோக்கியோவில் இந்திய, நேபாளிக் கடைகள் நிறைய உண்டு. ஒரு வேளைக்காவது அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

படி 6: பகல் ஆட்டம் முடிந்தபிறகு

மூன்று மணிக்கு வெளியே வந்தீர்களா? உடனே பசித்தால் அரங்கத்தை ஒட்டியிருக்கும் டோக்கியோ டோம் சிட்டி, லாகுவா வளாகக் கடைகளுக்கோ கிண்ணச் சோற்றில் மாட்டிறைச்சி வைத்துத் தரும் யோஷினோயா, மட்சுயா போன்ற தொடர் கடைகளுக்கோ போகலாம். இவை இடையில் மூடாது. சில கடைகளில் வாசலில் இயந்திரம் இருக்கும்: முதலில் பணம் போட்டு உணவுச் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஐந்து மணிவரை பொறுக்க முடியுமானால் பக்கத்திலேயே கொய்ஷிகாவா கொராகுவென் தோட்டம் இருக்கிறது. 1629-இல் தொகுகாவா குடும்பத்தின் மிதோ கிளையினர் தொடங்கிய தோட்டம். கட்டணம் 300 யென். மார்ச் தொடக்கத்தில் உமே (ஜப்பானியப் பிளம்) மரங்கள் பூத்திருக்கும். மாலை 4.30-க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், அதற்குள் போய்விடுங்கள். ஆட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை என்றால் 21-ஆம் வாசல் அருகே பேஸ்பால் அருங்காட்சியகமும் உண்டு.

அதன்பிறகு தெற்கே பதினைந்து நிமிடம் நடந்தால் ஜின்போச்சோ. பழைய புத்தகக் கடைகளின் தெரு, கூடவே கறிச் சோற்றின் தெரு. ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கரண்டியுமாகச் சாப்பிட வசதி என்பதால் கறிக்கடைகள் பெருகின என்று அங்கே சொல்வார்கள். பழைய புத்தகக் கடைக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருக்கும் போண்டி என்ற கறிக்கடை பெயர்பெற்றது. கறிக்கு முன்னால் வெண்ணெயோடு அவித்த உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைப்பார்கள். இந்தக் கறி நம் குழம்பு இல்லை; கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் பல கடைகள் மூடியிருக்கும், கிளம்பும் முன் பாருங்கள்.

வரைபடத்தில் தேடும்போது அரங்கத்தின் பெயரைப் போடாமல் சுயிதோபாஷி, ஜின்போச்சோ, இதாபாஷி என்று நிலையங்களின் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே ஒட்டித் தேடுங்கள். உள்ளூர்க்காரர்கள் போகும் கடைகள் அப்போதுதான் மேலே வரும். தபேலோக் என்ற உள்ளூர்த் தளத்தின் மதிப்பெண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். அங்கே மதிப்பெண் போடுவதில் கஞ்சத்தனம் அதிகம், 3.5 என்றால் மிக நல்ல கடை, 3.2 என்றாலும் தாராளமாக உள்ளே போகலாம்.

படி 7: இரவு ஆட்டம் முடிந்தபிறகு

இரவு ஆட்டம் முடியப் பத்து மணி தாண்டிவிடும். 40,000 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வெளியே வந்து சுயிதோபாஷி நிலையத்தை நோக்கித்தான் நடப்பார்கள். அவசரப்படாதீர்கள். ஜெயித்த அணியின் பேட்டியைப் பார்த்துவிட்டு, குப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கி, கசுகா பக்கமோ இதாபாஷி பக்கமோ நடங்கள்.

சுயிதோபாஷி நிலையத்தைச் சுற்றி இசகாயாக்கள் (மதுவோடு சிற்றுணவு தரும் கடைகள்) நிறைய. உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஒதோஷி என்று பெயர். இருக்கைக் கட்டணம்போல ரசீதில் சேரும், ஏமாற்று இல்லை. டிப்ஸ் வைக்கக் கூடாது, வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். நுழையும்போதே கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடை மூடுவதற்கு அரைமணி முன்பே அடுப்பை நிறுத்திவிடும் வழக்கம் பரவலாக உண்டு.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். அடுத்தது காலை ஐந்து மணி வாக்கில்தான். உங்கள் தடத்தின் கடைசி ரயில் நேரத்தைச் சாப்பிட உட்காரும் முன்பே பார்த்து, அதற்கு அரைமணி முன்னால் அடிக்கும்படி கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள்.