பெங்களூரில் இருக்கிறாயா, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்கிறாயா? உதவி கேட்பது இப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பழக்கத்தை நிறுத்திய பிறகுதான் உதவி கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பலர் சாக நினைத்து இதைச் செய்வதில்லை, தாங்க முடியாத மனநிலையை அந்த நேரத்துக்குச் சமாளிக்கச் செய்கிறார்கள். ஆனால் காயம் பெரிதாக இருந்தாலோ, சாக வேண்டும் என்றே தோன்றினாலோ, மேற்கொண்டு படிக்காதே, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு, 112க்குப் போன் போடு.

மற்றபடி 14416க்குப் போன் போடு. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இது, 2022இல் அரசாங்கம் தொடங்கியது, இலவசம், ராத்திரி பகல் எப்போதும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தெருவில் கன்னடமும் காலேஜில் ஆங்கிலமுமாகச் சமாளிக்கிற பிள்ளைகளுக்குக்கூட இதை வேறு மொழியில் சொல்ல வராது. "மனசு சரியில்லை, என்னை நானே காயப்படுத்திக்கிறேன்" என்று ஆரம்பித்தால் போதும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு பேச முடியாதுதான். மொட்டை மாடிக்குப் போ, பார்க்குக்குப் போ. 18 வயது ஆகவில்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098உம் இருக்கிறது.

நேரில் போக ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. பேரைக் கேட்டதும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று வீட்டில் பதறுவார்கள், ஆனால் அங்கே குழந்தைகளுக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கும் என்றே தனித் துறை இருக்கிறது. காலையிலேயே போய்விடு, கூட்டம் இருக்கும், சாப்பாடு கட்டிக்கொள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படாதே, உன்னை நீயே காயப்படுத்திக்கொண்டது குற்றம் இல்லை.

18க்குக் கீழ் என்றால் சிகிச்சைக்குப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், அதனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்தாக வேண்டும், கஷ்டமே இதில்தான். அம்மா அப்பாவிடம் முடியாதென்றால் முதலில் சித்தி, மாமா, அக்கா யாரிடமாவது சொல், அவர்கள் வழியாகப் போகட்டும். வாய் வரவில்லையா, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு. "உனக்கு என்ன குறை வைத்தோம்" என்று அழுவார்கள், திட்டவும் திட்டலாம், பாதி பயத்தில் வருவது அது. பதிலுக்குச் சண்டை போடாமல் "டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல். தழும்பை எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை, டாக்டர் பார்த்தால் போதும்.

அப்புறம், முதலில் பேசிய கவுன்சிலர் உனக்குச் சரிப்படவில்லையென்றால் வேறு ஒருவரைக் கேட்டு வாங்கு, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.