முதுகுப்பையும் கப்பிப்பாலும்: கொழும்பில் இருந்தபடி கொலஸ்ட்ரோலைக் குறைத்தல்

இரத்தப் பரிசோதனைத் தாளில் கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல். 160ஐத் தாண்டியிருப்பதைக் கண்டதும், அடுத்த போயா விடுமுறைக்கே சிவனொளிபாதமலை ஏறிவிட வேண்டும் என்று மனம் துள்ளும். நானும் அப்படித்தான் ஹட்டனுக்கு ரயில் ஏறினேன். நல்லதண்ணிப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் ஏற்றத்தால் கொலஸ்ட்ரோல் குறைவதில்லை. அந்த ஏற்றத்துக்காகக் கொழும்பில் மூன்று மாதம் சுமையோடு நடப்பதும், அம்மாதங்களில் உண்பதுமே அதைக் குறைக்கின்றன.

இவ்விரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. நடை முக்கியமாக இரத்தத்தின் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட்டைக் குறைத்து, நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல்.ஐச் சிறிதளவு உயர்த்துகிறது, எல்.டி.எல். இறங்குவது பெரும்பாலும் உணவு மாற்றத்தால்தான். நெஞ்சுவலி, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுமை தூக்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் மாத்திரை எடுப்பவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்பதற்காக அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

முதல் இரண்டு வாரமும் வெறும் முதுகோடு, வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் விரைந்து நடவுங்கள். வெயில் ஏறுமுன் மரைன் டிரைவில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கமாக நடப்பது வசதி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுவே சரியான வேகம். மூன்றாம் வாரம் முதுகுப்பையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்றை வையுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. வழியில் முழங்கால் நொந்தால் ஒரு போத்தலை ஊற்றிவிட்டுத் திரும்பலாம், புத்தகக் கட்டை அப்படி ஊற்ற முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி, உடல் எடையின் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாரமானவை முதுகை ஒட்டி இருக்க வேண்டும். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் இறுகினால்தான் தோள் தப்பும். கொழும்பு தட்டையான ஊர் என்பதால் மலைக்குப் பதில் தொடர்மாடிப் படிகளே துணை. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைச் சோதிக்கும். ஆகவே படியில் ஏறி லிஃப்டில் இறங்கும் வழக்கத்தை விட்டு, இரண்டையும் படியிலேயே மெதுவாகச் செய்யுங்கள்.

உணவில் நம் வீடுகளின் பெருஞ்சிக்கல் தேங்காய். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்றது, அதுவே எல்.டி.எல்.ஐ ஏற்றுகிறது. தேங்காயை அடியோடு நிறுத்தச் சொன்னால் யாழ்ப்பாணத்துச் சமையலறை எதுவும் கேட்காது என்பதால், முதற்பாலை விட்டு, அதன் பின் பிழியும் நீர்த்த கப்பிப்பாலில் மட்டும் சொதி வையுங்கள். மீனைப் பாலில்லாத புளிக்குழம்பாக்குங்கள். சாளை, சூடை போன்ற மலிவான மீன்களில் ஒமேகா 3 கொழுப்பு நிறைய உண்டு, ஆனால் பொரித்தால் பயன் கெடும். காலையில் பாணும் மாஜரினும் உண்ட இடத்தில் 75 கிராம் ஓட்ஸ் கஞ்சி வந்தால், அதில் எல்.டி.எல்.ஐக் குறைக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து ஏறக்குறைய 3 கிராம் கிடைக்கும். ஓட்ஸ் பிடிக்காதவர்கள் அவித்த பயறு, கௌபி, கடலை, வெண்டைக்காய் ஆகியவற்றை நாள்தோறும் சேர்க்கலாம்.

பயண நாளில்தான் பலர் வழுக்குகிறார்கள். ரயிலில் வரும் வடையும் கடையில் வாங்கிய ரோல்சும் மூன்று மாத ஒழுங்கை மறக்கச் செய்யும். உப்பிடாத கச்சான் ஒரு கைப்பிடி, அவித்த கடலை, குரக்கன் ரொட்டி, வாழைப்பழம் ஆகியவற்றைப் பையின் மேலறையிலேயே வையுங்கள். அடியில் இருந்தால் பசிக்கும்போது கை கடைக்குத்தான் போகும்.

மலையேறிய பின் தசைநோவு இரண்டு மூன்று நாளில் தணியும். தணியாவிட்டாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ, குறிப்பாக ஸ்டற்றின் எடுப்பவராயின், தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையைப் பயணம் முடிந்து ஒரு வாரமேனும் கழித்து வையுங்கள். கடும் ஏற்றத்தின் பின் தசை நொதிகளும் ஈரல் சோதனையில் பார்க்கும் சில நொதிகளும் சில நாள் உயர்ந்தே இருக்கும் என்பதால், உடனே பார்த்தால் வீண் பயமே மிஞ்சும்.