தொண்டு அமைப்பு நடத்துறீங்களா? பேசுறத அப்படியே பிளாக்கா எழுதலாம், படிப்படியா சொல்றேன்

சின்னச் சின்ன தொண்டு அமைப்புகளுக்கு பிளாக், வீடியோ சேனல் எல்லாம் ஆரம்பிச்சுக் கொடுக்குற வேலைல கொஞ்ச வருஷமா கூட நிக்குறேன். போற இடத்துலெல்லாம் ஒண்ணு பாக்குறேன். செயலாளர் நேர்ல உக்காந்து பேசும்போது அவங்க வேலையப் பத்தி அவ்ளோ உயிரோட சொல்றாங்க, கேக்குற நமக்குத் தொண்டை அடைச்சிடும், அதே ஆளு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா "எமது அமைப்பின் சார்பில் நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழா சிறப்பாக நடைபெற்றது"ன்னு எழுதுறாங்க. யாருக்குக் கொடுத்தாங்க, அவருக்கு அது எதுக்கு வேணும், ஒண்ணும் இருக்காது. அந்தப் பேச்சு அப்படியே எழுத்துல வரணும், எனக்கு அதுதான் முக்கியம். டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம்தான், அத முதல்ல முடிச்சிடலாம்.

படி 1: சாவி அமைப்போட கைல இருக்கட்டும்

எதையும் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அமைப்பு பேர்ல ஒரு ஈமெயில் ஓப்பன் பண்ணுங்க. பிளாக், யூடியூப் எல்லாம் அந்த ஈமெயில்ல இருந்துதான் தொடங்கணும், உங்க சொந்த ஐடிலயும் வேணாம், நல்லா கம்ப்யூட்டர் தெரிஞ்ச வாலண்டியர் பையனோட ஐடிலயும் வேணாம். நான் பாத்த ஒரு அமைப்புல அப்படித்தான் ஆச்சு, தம்பி வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டான், போன் நம்பரும் மாறிடுச்சு, ஓடிபி யாருக்குப் போகுதுன்னே தெரியல, பல வருஷ போட்டோவும் பதிவும் உள்ளயே மாட்டிக்கிச்சு. அதனால குறைஞ்சது 2 பேர் அட்மினா இருங்க, ரெண்டு கட்ட பாதுகாப்ப (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குறது) ஆன் பண்ணுங்க, அப்போ அது தர்ற பேக்கப் கோடுகள, அதாவது போன் கைல இல்லாதப்ப உள்ள போக உதவுற நம்பர்கள, பிரிண்ட் எடுத்து ஆஃபீஸ் ஃபைல்ல வைங்க. டொமைன், அதாவது வெப்சைட்டுக்கு சொந்த முகவரி, வாங்குனா அதுவும் அமைப்பு பேர்லதான்.

படி 2: எங்க எழுதுறது

இதுல ரொம்ப யோசிக்க வேணாம். பிளாகர் 1999ல வந்தது, 2003ல இருந்து கூகுள்கிட்ட இருக்கு, இலவசம், அரை மணி நேரத்துல ரெடி. வேர்ட்பிரஸ்ஸும் 2003ல வந்ததுதான், கொஞ்சம் கத்துக்கணும், ஆனா நாளைக்கு நன்கொடை பக்கம், நிகழ்ச்சி காலண்டர்னு எது சேக்கணும்னாலும் அதுல வழி இருக்கு. எழுதவே இனிமேதான் பழகணும்னா பிளாகர் போதும், பின்னாடி அங்க இருந்து வேர்ட்பிரஸ்ஸுக்கு பதிவுகள மாத்திக்கலாம். டிசைன்ல ஒரு நாளைக்கு மேல செலவு பண்ணாதீங்க.

படி 3: எழுதாதீங்க, பேசுங்க

ஒரு செயலாளர்கிட்ட போன மாசம் என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். "5 பேருக்கு சக்கர நாற்காலி கொடுத்தோம்"னாங்க. சரி அப்புறம்னு கேட்டேன். அப்பதான் சொன்னாங்க, "நாற்காலி கொடுத்துட்டு வந்துட்டோம்ங்க, ஒரு வாரம் கழிச்சுப் போய்ப் பாத்தா அந்தப் பெரியவர் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு, வாசல்ல 3 படி, வண்டி எப்படி இறங்கும், அது எங்களுக்குத் தோணவே இல்ல, அப்புறம் பலகை வாங்கி நாங்களே ஒரு சாய்தளம் அடிச்சுப் போட்டோம், அன்னைக்குத்தான் அவரு தெருவுக்கு வந்தாரு."

இதுதான் போஸ்ட். இத அவங்க சொன்ன வரிசைலயே எழுதுனா போதும்.

நீங்களும் இப்படிப் பண்ணுங்க. நிகழ்ச்சி முடிஞ்சு வர்ற வழிலயே, மனசுல சூடா இருக்கும்போதே, வெளில இருக்குற ஒரு நண்பருக்கு சொல்ற மாதிரி 3 நிமிஷம் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் கேட்டு டைப் பண்ணுங்க, இல்லன்னா போன் கீபோர்டுல மைக்க அமுக்கித் தமிழ்லயே பேசுங்க, அதுவே எழுதிக்கும், தப்பு வந்த இடத்த மட்டும் திருத்துங்க. திருத்தும்போது "வழங்கப்பட்டது", "நடைபெற்றது"ன்னு மாத்த கை துறுதுறுங்கும், மாத்தாதீங்க. ஒரு போஸ்ட்ல ஒரு ஆள், ஒரு சம்பவம். 300, 400 வார்த்தை தாராளம். வந்திருந்த சிறப்பு விருந்தினர் பேரெல்லாம் போடணும்னு கமிட்டில சொல்லுவாங்க, கடைசில ஒரே வரில நன்றி சொல்லிடுங்க.

வாசல் படிய கவனிக்காம விட்டத எழுதலாமான்னு அந்தச் செயலாளர் அம்மா தயங்குனாங்க. கண்டிப்பா எழுதுங்கன்னேன். நாற்காலி கொடுத்த கையோட மறக்காம திரும்பப் போய்ப் பாத்திருக்காங்கன்னு படிக்குறவங்களுக்குத் தெரியுறதே அந்த வரிலதான்.

படி 4: அவங்ககிட்ட கேட்டீங்களா

இது மத்த எல்லாத்தையும் விட முக்கியம்னு நினைக்குறேன். உதவி வாங்குறவங்க "போடலாமா"ன்னு கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டாங்க, சொன்னா உதவி நின்னுடுமோன்னு பயம். அதனால உதவியக் கொடுக்குற நேரத்துல கேக்காதீங்க, தனியா வேற ஒரு நாள் கேளுங்க, எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க, போட்டோ எங்க வரும் யாரெல்லாம் பாப்பாங்கன்னு சொல்லுங்க, வேணாம்னாலும் உதவி அப்படியேதான் தொடரும்னு தெளிவா சொல்லுங்க, பின்னாடி மனசு மாறுனா எடுத்துடுவோம்னும் சொல்லுங்க. குழந்தைங்கன்னா பெத்தவங்க சம்மதத்தோட குழந்தையோட சம்மதமும் வேணும். நோய், வன்முறை சம்பந்தப்பட்ட விஷயம்னா பேர மாத்துங்க, முகமே வேணாம், கை, செருப்பு, அந்த சாய்தளம், இத எடுத்தாலே கதை புரியும்.

இன்னொண்ணு, போன் கேமரால லொகேஷன் ஆன்ல இருந்தா படத்துக்குள்ளயே ஜிபிஎஸ் இடம் பதிவாகும். பாதுகாப்பு இல்லம் மாதிரி வேலை பண்றவங்க கேமரா செட்டிங்ல போய் அத இப்பவே ஆஃப் பண்ணுங்க.

படி 5: பப்ளிஷ்

தலைப்பு "சக்கர நாற்காலி வழங்கும் விழா" இல்ல, "நாற்காலி கொடுத்தோம், வாசல்ல 3 படி இருந்தது". படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட்டுன்னு ஒரு பெட்டி இருக்கும், கண் தெரியாதவங்களுக்கு ஸ்கிரீன் ரீடர் அதத்தான் வாசிக்கும், "பெரியவர் சக்கர நாற்காலில மர சாய்தளத்துல இறங்குறார்"னு படத்துல இருக்குறத எழுதுங்க. கடைசில ஒரே ஒரு வேண்டுகோள் வைங்க, பலகை வேணுமா, தச்சு வேலை தெரிஞ்ச வாலண்டியர் வேணுமா, நன்கொடையா, ஏதாவது ஒண்ணு. மூணையும் கேட்டா ஒண்ணும் பண்ணாம போயிடுவாங்க.

லிங்க்க வாட்ஸ்அப், ஃபேஸ்புக்ல போடுங்க, ஆனா ஃபேஸ்புக்ல ஃபாலோ பண்றவங்க எல்லாருக்கும் அது போய்ச் சேராது, அந்தக் கம்பெனி காட்டுனாதான் உண்டு. விருப்பப்பட்டுக் கொடுக்குறவங்க ஈமெயில முதல் நாள்ல இருந்தே சேத்து வைங்க, அந்த லிஸ்ட் உங்களோடது.

படி 6: வீடியோ, விளம்பரம்

வீடியோக்கு கேமரா வாங்க வேணாம், போன் போதும், ஆனா சத்தம் தெளிவா இருக்கணும், அதனால பேசுறவங்க பக்கத்துல போய் எடுங்க. சத்தமில்லாம பாக்குறவங்க நிறைய பேர், கீழ எழுத்து போடுங்க. பின்னணில சினிமா பாட்டு வேணாம், யூடியூப் காப்பிரைட்டுல பிடிச்சிடும், அவங்களே ஆடியோ லைப்ரரில இலவச இசை வச்சிருக்காங்க. பதிவு பண்ண அமைப்புன்னா தொண்டு அமைப்புகளுக்கான கூகுள் ஃபார் நான்ப்ராஃபிட்ஸ் திட்டம் உங்க நாட்டுல இருக்கான்னு பாருங்க, அதுல தகுதி கிடைச்சா மாசம் 10,000 டாலர் மதிப்பு வரைக்கும் தேடல் விளம்பரம் இலவசமா தர்றாங்க. அதுக்கு சொந்த டொமைன்ல நல்ல வெப்சைட் வேணும், அதனால இத 10 போஸ்ட் எழுதுன அப்புறம் பாத்துக்கலாம்.

படி 7: திரும்பப் போய் எழுதுங்க

2014ல நன்கொடை திரட்ட ஐஸ் தண்ணிய தலைல ஊத்திக்கிட்ட வீடியோ ஞாபகம் இருக்கா? அமெரிக்கால ஏஎல்எஸ்ங்குற, நரம்பு செல்கள் கெட்டு தசையெல்லாம் செயலிழக்குற நோய்க்கான சங்கத்துக்கு அதுல 11.5 கோடி டாலர் வந்துச்சு. எல்லாரும் அந்த வீடியோவத்தான் சொல்லுவாங்க, எனக்குப் பிடிச்சது 2016ல நடந்தது, அந்தப் பணம் போன ஒரு ஆராய்ச்சில அந்த நோய்க்கு சம்பந்தப்பட்ட என்இகே1ங்குற ஜீன (மரபணுவ) கண்டுபிடிச்சாங்கன்னு திரும்ப வந்து சொன்னாங்க. தண்ணி ஊத்துன ஒவ்வொருத்தருக்கும் கிடைச்ச பதில் அது.

நீங்க பப்ளிஷ் அமுக்குன அன்னைக்கே காலண்டர்ல 3 மாசம் தள்ளி ஒரு தேதில அந்தப் பெரியவர் பேர எழுதி வைங்க. அன்னைக்குப் போங்க, சாய்தளம் மழைல தாங்குச்சா, இப்ப எங்கெல்லாம் போயிட்டு வர்றாருன்னு கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. உங்க அடுத்த போஸ்ட் அதுதான்.