தோட்டத்துப் பசளை கிணற்றில் இறங்கினால்: குடிநீரைச் சோதிப்பதும் காப்பதும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால், பால்மா கரைக்க எந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் என்றால் ஆறுதலாக இருக்கும். போத்தல் பால் என்றால் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுவேன். நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அயலவர்களின் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, வரும் அறிக்கையை வாசித்துச் சொல்வதுதான் இப்போது என் வேலை. அந்த வேலையை யாரும் தாமே செய்துகொள்ளலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கிணற்றில் உப்பு ஏறினால் நாக்குச் சொல்லும். பசளையின் நைதரசனிலிருந்து உருவாகும் நைத்திரேற்று ஏறினால் நாக்கும் மூக்கும் கண்ணும் ஒன்றும் சொல்லா. பளிங்குபோலத் தெளிந்து, தேநீருக்கு அருமையாக இருக்கும் தண்ணீரிலும் அது அளவு கடந்து இருக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் பெய்வது நிலத்துள் இறங்கிச் சுண்ணக்கல்லில் தேங்குகிறது. அதையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மேலே செம்பாட்டு மண் மெல்லிய போர்வையாகத்தான் கிடக்கிறது. அதன் அடியில் வெடிப்பும் பொந்துமாகக் கல். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ பை ஒன்றை வீசினால் 23 கிலோ நைதரசனை வீசுகிறோம். மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று எதிர்மின்னேற்றம் கொண்டது, களித்துணிக்கைகளின் மேற்பரப்பும் அப்படியே. ஆகவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே போய்விடும். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று இடைவிடாமல் பயிரிடும் நிலங்களின் கிணறுகளில் இது மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பழியைத் தோட்டக்காரர்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழியும் அதே நைத்திரேற்றைத்தான் கிணற்றுக்கு அனுப்புகிறது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத்தான் பெரிய ஆபத்து. உடலுக்குள் போன நைத்திரேற்று, நைத்திரைற்று என்ற வேறொரு சேர்வையாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். அப்படி ஒரு நிறமாற்றத்தைக் கண்டால் தண்ணீரைச் சோதிப்பது பிறகு, ஆஸ்பத்திரி முதலில். கர்ப்பிணிகளும் இந்தத் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது.

மாதிரி எடுப்பது

ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் போதும். மென்பானம் இருந்த போத்தல் வேண்டாம், குடிதண்ணீர் இருந்ததே நல்லது. சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். எடுக்கப்போகும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். பம்பியில் எடுப்பதானால் குழாயில் நின்ற பழைய தண்ணீர் போகும்வரை சில நிமிடம் ஓடவிடுங்கள். தாங்கியிலிருந்து எடுக்க வேண்டாம். வாளியால் அள்ளுவதானால் மேலே மிதக்கும் இலை குப்பையை விலக்கி, வாளியை நன்றாக ஆழ்த்தி அள்ளுங்கள். போத்தலைக் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடி, கிணறு இருக்கும் இடம், திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், பக்கத்துத் தோட்டத்தில் கடைசியாகப் பசளை இட்ட நாள் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். கடைசி இரண்டையும் பலர் எழுதுவதில்லை. பிறகு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடும்போது அவைதான் உதவும்.

வெயில் படாமல் ஐஸ் வைத்த பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு இந்தப் போத்தல் உதவாது. அதற்குக் கிருமிநீக்கிய போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். ஒரு முறை சோதித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். கோடை முடிவில் ஒன்று, மாரி மழை நன்றாக இறங்கிய பிறகு ஒன்று எடுத்தால்தான் கிணற்றின் உண்மை நிலை தெரியும்.

அறிக்கையை வாசிப்பது

இந்த இடத்தில் கவனம் தேவை. இலங்கைத் தரநிர்ணயமும் உலக சுகாதார நிறுவனமும் நைத்திரேற்றுக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆனால் சில அறிக்கைகள் முழு நைத்திரேற்றையும் குறிக்காமல், அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அப்படி எழுதினால் எல்லை 50 அல்ல, ஏறத்தாழ 11.3. உரும்பிராயில் ஓர் இளம் தாய் தன் அறிக்கையை மகிழ்ச்சியோடு காட்டினார்: “14தான் சேர், ஐம்பதுக்கு எவ்வளவோ கீழே.” தலைப்பைப் பார்த்தேன், நைத்திரேற்று நைதரசன் என்று இருந்தது. முழு நைத்திரேற்றாக மாற்ற 14ஐ 4.43ஆல் பெருக்கினால் 62. அன்றே பிள்ளையின் தண்ணீரை மாற்றினார்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தலைப்பை வாசியுங்கள், விளங்காவிட்டால் ஆய்வுகூடத்திலேயே கேளுங்கள்.

எல்லையைத் தாண்டியிருந்தால்

கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. கிருமி சாகும், தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே பாத்திரத்தில் நிற்கும். லீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள நான்கு லீற்றரை மூன்று லீற்றராக வற்றவிட்டால் அது 80 ஆகிவிடும். நல்ல மனதோடு நெடுநேரம் கொதிக்க வைக்கும் அம்மம்மாமாருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். குளோரீன், படிகாரம், வடிதுணி, மெழுகுதிரி வடிவ வடிகட்டி எதுவும் இதற்கு உதவாது. எதிர் சவ்வூடுபரவல் (RO) முறையில் இயங்கும் இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். பொருத்தியவர் சொல்லை நம்பி விட்டுவிடாமல், வெளிவரும் தண்ணீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

கையில் பணம் இல்லாத வீட்டுக்கு மழைநீர் நல்ல வழி. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடிய தாங்கியில் சேருங்கள். பிள்ளையின் பாலுக்கு அதை எடுத்து, கொதி வந்ததும் இறக்குங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீரே போதும். 2024இல் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது. குழாய் வந்த வீட்டார் அந்தத் தண்ணீரைக் குடிக்கட்டும். அதற்காகக் கிணற்றைக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியாது. இந்த நிலத்துக்கு அடியில் இருக்கும் நன்னீர் ஒன்றுதான். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

தோட்டத்தில் செய்ய வேண்டியது

மருந்து வீட்டுக்குள் இல்லை, தறையில் இருக்கிறது. வெங்காயத்தின் வேர் ஆழமாக ஓடாது. ஒரு முழத்துக்குக் கீழே இறங்கிய பசளையை அந்தப் பயிர் இனி எடுக்கப்போவதில்லை. ஆகவே ஒரேயடியாக இடாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இடுங்கள். இட்ட கையோடு வாய்க்கால் நிறைய இறைக்காதீர்கள். பாத்தியில் தண்ணீர் கட்டி நின்றால் உங்கள் காசு கிணற்றுக்குப் போகிறது. மாட்டெரு இட்டிருந்தால், குழை தாழ்த்திருந்தால், அவற்றிலும் நைதரசன் இருக்கிறது. அந்த அளவை யூரியாவில் குறையுங்கள். பலர் இரண்டையும் முழுதாக இடுகிறார்கள். மண்ணைச் சோதித்து அளவு சொல்ல விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது யூரியாப் பையைத் தொடாதீர்கள். மாரியில் வெறுமையாகக் கிடக்கும் தறையில் சணலை விதையுங்கள். மண்ணில் மிஞ்சியதை அது உறிஞ்சிக்கொள்ளும், பூக்கும் முன் உழுது தாழ்த்தால் அடுத்த போகத்துக்குப் பசளை. எருக் கும்பியையும் மருந்து விசிறும் தாங்கியைக் கழுவும் இடத்தையும் கிணற்றடியிலிருந்து தூர வையுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்பது வழமையான கணக்கு. வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அதற்கு மேலும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். அடி கட்டாத குழியைவிட நாற்புறமும் அடியும் கட்டிய தொட்டி பாதுகாப்பானது.

அரசிடம் கேட்பது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கழிவு வெளியேற்றும் தொழிற்சாலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். தோட்டத்துக்கு இடும் பசளை அதற்குள் வருவதில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் தோட்டக்காரர் நொந்துபோனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைத்திரேற்றுப் பணிப்புரை வேறு வழியில் போனது: பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய நிலங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே எருவால் சேரும் நைதரசனை ஹெக்டேயருக்கு வருடம் 170 கிலோ என்று மட்டுப்படுத்தி, பசளை இடக்கூடாத காலத்தையும் வகுத்தது. வலிகாமத்தின் அடியிலுள்ள சுண்ணாகம் நீர்ப்படுகைக்கு அப்படி ஒரு வரைபடமும் காலவரையறையும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குச் சான்று வேண்டும். அயலிலுள்ள பத்துக் குடும்பங்கள் ஒரே வாரத்தில் மாதிரி எடுத்து, அறிக்கைகளை ஒரே கோவையில் சேர்த்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். உங்கள் பிரதேசத்துப் பொதுக் கிணறுகளின் பழைய சோதனை முடிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எந்தக் கிணறு, எந்த வருடம் முதல், நைத்திரேற்று எந்த அலகில் என்று மூன்றையும் விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள், கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.