பியர்டட் டிராகன் கூண்டுக்கு என்ன தரை போடலாம்?

பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணானை வளர்க்கத் தொடங்குபவர்கள் விளக்கையும் தொட்டியையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். தரைக்கு மட்டும் மணலை வாங்கிக் கொட்டிவிடுவார்கள். வறண்ட நிலத்துப் பிராணிதானே, மணல்தான் பொருத்தம் என்று ஒரு கணக்கு. ஆனால் இவை வாழும் ஆஸ்திரேலிய உள்நிலப் பகுதியில் எங்கு பார்த்தாலும் மணல்மேடு இல்லை. காய்ந்து இறுகிய மண், பாறை, புதர், விழுந்த மரம் எல்லாம் உண்டு. வேலிக் கம்பத்தில் ஏறி வெயில் காய்கிற ஓணான் வகை இது. காலடியில் புதையும் மணல் அதற்கு எப்போதும் பழகிய ஒன்றல்ல.

எது நல்ல தரை என்று கேட்பதற்கு முன், உங்கள் பிராணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். குட்டிக்கு ஏற்றது வேறு, நோயில் இருப்பதற்கு ஏற்றது வேறு, நன்றாகத் தின்று வளர்ந்ததற்கு ஏற்றது வேறு.

படி 1: தரைக்கு முன் சூட்டைப் பாருங்கள்

மணல் போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் பாதிக் கதை. பல்லியினத்துக்கு உடற்சூடு வெளியிலிருந்து வர வேண்டும். அது போதாவிட்டால் தின்ற இரையே செரிக்காமல் கிடக்கும். அதோடு மண்ணும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கடியில் அது சூடு காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த மூலை 22 முதல் 27 வரை இருக்கட்டும். தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அந்த இடத்தையே அளந்து பாருங்கள்.

யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கும் கால்சியமும் குறைந்தால் சில பிராணிகள் மண்ணையே வாய் நிறைய அள்ளித் தின்னும். தரையை நாக்கால் தொட்டுப் பார்ப்பது இயல்பு, கவலை வேண்டாம். அள்ளித் தின்பது வேறு விஷயம்: குறை உணவிலோ விளக்கிலோ இருக்கிறது.

படி 2: ஆரம்பத்தில் வெறும் பேப்பர் டவல்

பார்க்க அழகில்லைதான். ஆனாலும் புதிதாக வந்தது, குட்டி, நோயில் இருப்பது மூன்றுக்கும் இதைவிட நல்ல தரை கிடையாது. குட்டிகள் பூச்சியைப் பார்த்ததும் கண்மண் தெரியாமல் பாயும். தளர்ந்த தரையாக இருந்தால் பூச்சியோடு அதையும் விழுங்கும். இன்னொரு லாபம், மலம் பளிச்சென்று தெரியும். பழுப்பு நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேர்ந்திருந்தால் சரி. வெள்ளை, மஞ்சளாகிக் கெட்டியாக இருந்தால் நீர்ச்சத்து போதவில்லை. தண்ணீராகப் போனாலோ கடுமையாக நாறினாலோ ஒட்டுண்ணிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குறைந்தது முதல் ஒரு மாதம் இதுவே இருக்கட்டும்.

படி 3: இவற்றை ஒதுக்குங்கள்

முதலில் கால்சியம் மணல். தின்றாலும் செரித்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். அது கால்சியம் கார்பனேட். வயிற்று அமிலத்தை முறிக்கும் பொருள். அளவு கூடினால் கரையாமல் உள்ளேயே திரண்டு நிற்கும். நிறமும் சுவையும் சேர்ந்து பிராணியைத் தின்னத் தூண்டினால் கேடு இரட்டிப்பு. எவ்வளவு பளபளப்பான பையில் வந்தாலும் வேண்டாம்.

வால்நட் ஓட்டுத் தூளின் விளிம்புகள் கூர்மையானவை. சீடார், பைன் மரச்சீவலிலிருந்து வரும் வாசனை எண்ணெய்கள் சுவாசத்தைக் கெடுக்கும். சோளக்கதிர்த் தூள் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூனை மணலும், வாய்க்குள் போகும் அளவுள்ள கூழாங்கல்லும் கூடாது. ரெப்டைல் கார்ப்பெட் என்று விற்கும் துணி விரிப்பில் நகம் சிக்கும், கழிவு நூலுக்குள் இறங்கிவிடும். என் கணக்கில் துவைக்கிற வேலைக்கு அது ஈடாகாது.

படி 4: டைல்ஸ்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியோடு நின்றுவிடலாம். சொரசொரப்பான செராமிக் டைல்ஸோ ஸ்லேட் கல்லோ எடுங்கள். வழுவழுப்பானதில் கால் சறுக்கும், மூட்டுக்கு நல்லதல்ல. தொட்டியின் உள் அளவுக்கு வெட்டி, இடைவெளி விடாமல் பொருத்துங்கள். விட்டால் பூச்சிகள் அடியில் போய் ஒளியும், கழிவும் இறங்கும். கல் சூட்டைப் பிடித்து வைக்கும், நகமும் தானாகத் தேயும்.

படி 5: மண் கலவை, விருப்பப்பட்டால்

வளர்ந்து, ஆரோக்கியமாக, படி 1-இல் சொன்ன சூடும் விளக்கும் சரியாக உள்ள பிராணிக்கு மட்டும். தோண்டுவது அதன் இயல்பு, அந்த வாய்ப்பு டைல்ஸில் இல்லை. உரமோ பெர்லைட்டோ (தொட்டிச் செடி மண்ணில் சேர்க்கும் வெள்ளைக் குருணை) கலக்காத மேல்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. பிடித்தால் பிடியாக நிற்கும் அளவுக்கு நனைத்து, 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரப்பி, கையால் அழுத்தி இறுக்குங்கள். விளக்கடியில் முழுதாகக் காயும்வரை பிராணியை உள்ளே விட வேண்டாம். ஈரம் தங்கினால் தோல் நோய் வரும்.

கனமான பாறைகளை மண்ணின் மேல் வைக்காதீர்கள். முதலில் தொட்டியின் அடிப்பரப்பில் பாறையை நிறுத்தி, பிறகு மண்ணை நிரப்புங்கள். அடியில் தோண்டும்போது பாறை சரிந்தால் பிராணி நசுங்கிவிடும். இரையைக் கிண்ணத்திலோ இடுக்கியிலோ கொடுங்கள்.

பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடலாம். டைல்ஸ் தரையில் ஓயாமல் பிறாண்டினால், சற்று ஈரமான மண் 20 சென்டிமீட்டராவது நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்றை உடனே வையுங்கள்.

படி 6: பராமரிப்பு

எந்தத் தரையானாலும் மலத்தை அன்றன்றே எடுங்கள், பேப்பரானால் அதை மாற்றிவிடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை.

வழக்கமான இடைவெளியைத் தாண்டியும் மலம் வராமல், தீனியும் எடுக்காமல், வயிறு உப்பியிருந்தாலோ பின்னங்கால்களை இழுத்து நடந்தாலோ எண்ணெய் ஊட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள்.